கடைசியில் விடுபட்ட பூஜ்ஜியம்

அந்த வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து அவள் ஒருத்தியே பயந்துகொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாயிற்றா என்று மூன்று முறை பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனைவரை நடப்பாள். அங்கே போனதும் சந்தேகம் வந்து, திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். தம்பி மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினால், கீழே நிற்கிற இவள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்பாள். "அக்கா பயப்படறதைப் பாட்டில்ல புடிச்சு வித்தா நம்ம தெருவுக்கே போதும்" என்பான் தம்பி. அவள் சிரிக்கமாட்டாள். நாற்பத்தொரு வயதில் இனிமேல் மாறவா போகிறோம் என்று பேசாமல் இருந்துவிடுவாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் பிழைப்பே அந்தப் பயத்தில்தான் நடந்தது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறையில் இயங்கிய ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை. குளிர்பதனக் கிடங்கு, சலவைக்கூடம், பால் குளிரூட்டும் நிலையம் என்று பல இடங்களுக்கு அங்கே கண்ட்ரோல் பேனல் செய்து கொடுத்தார்கள். வயரிங் முழுக்க முதலாளி. பேனலுக்குள் உட்காரும் மின்பலகைக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது அவள். சி என்பது கேள்வி கேட்காத மொழி. தப்பாக எழுதினாலும் கையைப் பிடித்துத் தடுக்காது. சொன்னதைச் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். "தைரியசாலியை இந்த வேலையில வெச்சா எனக்குத் தூக்கம் வராது. நீ பயந்துக்கிட்டே எழுதறே பாரு, அதான் எனக்கு வேணும்" என்று சொல்லித்தான் பதினான்கு வருடத்துக்கு முன் முதலாளி அவளைச் சேர்த்துக்கொண்டார்.

சேர்ந்த மூன்றாம் வருடம் அவள் ஒரு ஃபங்ஷன், அதாவது வேண்டும்போதெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு புரோகிராம் துண்டு, எழுதினாள். அவளுக்கே பிடித்துப்போன வேலை அது. அதுவரை பேனலில் ஆறு வால்வைத் திறக்க வேண்டுமென்றால் ஆறு வரி எழுத வேண்டும். அவள் எழுதியதில் ஒரே வரி: அடைப்புக்குறிக்குள் திறக்க வேண்டிய வால்வு எண்களை வரிசையாகப் போட்டால் போதும். இரண்டு போட்டாலும் சரி, ஒன்பது போட்டாலும் சரி. இத்தனைதான் என்ற கட்டாயமில்லாமல் மதிப்புகளை வாங்கிக்கொள்ள சி மொழியில் இடமுண்டு. மூன்று புள்ளி வைத்து அறிவித்துவிட்டால் ஆயிற்று. உள்ளே va_arg என்று ஒன்று இருக்கிறது. கேட்கக் கேட்க அடுத்த எண்ணை எடுத்துக் கொடுக்கும்.

அதில் ஒரு வில்லங்கம். மொத்தம் எத்தனை எண் வந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. எண்கள் தீர்ந்துபோன பிறகு கேட்டாலும் இல்லையென்று சொல்லாது. நினைவகத்தில் அடுத்தாற்போல் என்ன கிடக்கிறதோ அதை எடுத்து நீட்டிவிடும். எங்கே நிறுத்துவது என்பதை எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அவள் செய்திருந்த ஏற்பாடு எளிமையானது. கடைசியில் ஒரு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்ற எண்ணில் எந்த வால்வும் கிடையாது. ஆகவே அதைக் கண்டதும் நிறுத்திவிடு. அந்த ஃபங்ஷனுக்கு மேலேயே, தனக்குத்தானே, ஆங்கில எழுத்துகளில் தமிழாக எழுதி வைத்திருந்தாள்: 'கடைசியில் 0 போட மறக்காதே. மறந்தால் செத்தோம்.'

பதினோரு வருடமாக மறந்ததில்லை என்றே அவள் நினைத்திருந்தாள்.

தம்பி வேலை பார்த்தது ஒரு குளிர்பதனக் கிடங்கில். ஊருக்கு வெளியே, லாரிகள் வந்து திரும்பும் பெரிய சிமெண்ட் முற்றத்துக்குப் பின்னால் நான்கு அறைகள், ஒரு இயந்திர அறை. குளிரூட்டுவது அமோனியா. மூக்கில் பட்டால் கண் எரியும். அதிகம் பட்டால் மூச்சே நின்றுவிடும். தம்பி அங்கே ஆபரேட்டர். அந்தக் கிடங்கின் பேனல் அவள் கம்பெனி செய்து கொடுத்தது, புரோகிராம் அவளுடையது. அக்கா எழுதியதைத் தம்பி ஓட்டினான்.

அறைகளுக்குள் ஓடும், காயில் எனப்படும் குளிர்க்குழாய்களின் மேல் பனி கட்டிக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, பேனல் தானாகவே சில வால்வுகளைத் திறந்து சூடான வாயுவை அனுப்பி அதை உருக்கும். மூன்று, ஐந்து, ஏழு ஆகிய வால்வுகள் அதற்கு. "அக்கா, எட்டையும் சேர்த்துத் திறக்கச் சொல்லு. ரெண்டாம் ரூம்ல ஐஸ் சரியா உருக மாட்டேங்குது" என்று தம்பி கேட்டிருந்தான். திங்கட்கிழமை அவள் அந்த வரியைத் திறந்து எட்டைச் சேர்த்தாள். 3, 5, 7, 8. ஒரு முறை பார்த்தாள். இரண்டாம் முறை பார்த்தாள். மூன்றாம் முறையும் பார்த்தாள். நான்கு எண்ணும் சரி. மேசைமேல் இருக்கிற சோதனைப் பலகையில் ஓட்டினாள். வால்வுகளை இயக்கும் நான்கு ரிலே சுவிட்சுகளும் டக், டக், டக், டக் என்று ஒழுங்காக அடித்து நின்றன. அன்று சாயங்காலமே முதலாளி கிடங்குக்குப் போய்ப் புது புரோகிராமை ஏற்றிவிட்டு வந்தார்.

வியாழக்கிழமை காலையில் தம்பி கிளம்பும்போது குழந்தை அவன் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தபடியே சொன்னான்.

"இன்னைக்கு நாலாம் ரூம்ல காயில் மாத்தறோம். நானும் ரெண்டு ஃபிட்டரும் உள்ளயே இருப்போம். பைப்பைக் கழட்டித் திறந்து வெச்சிருப்போம். சும்மா சும்மா போன் பண்ணாதேக்கா, போன் கேட்லதான் கிடக்கும்."

"அந்த ரூமுக்கு வர்ற லைனை மூடிட்டீங்களா?"

"மூடாம உள்ள போவேனா?"

"கையால திருகி மூடற வால்வுடா. அதைக் கேக்கறேன்."

"அதையும் மூடியாச்சு. ஆனா அது பழசு, முழுசா உட்காராது. பரவால்ல, உன் பேனல் பன்னெண்டாம் நம்பரை மூடித்தானே வெச்சிருக்கு? உன்னை நம்பித்தான் உள்ள போறேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவன் எப்போதுமே அப்படிச் சிரிக்கிறவன்தான்.

அன்று அலுவலகத்தில் அவளுக்கு வேறொரு வேலை. பால் நிலையத்துக்குப் புதிய பேனல். கிடங்கின் புரோகிராமையே எடுத்து அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பால் நிலையத்துக்கு நேரம் முக்கியம் என்பதால், நெடுநாளாகச் செத்துக்கிடந்த சோதனைப் பலகையின் கடிகாரத்துக்குப் புது பேட்டரி போட்டாள். நேரத்தைச் சரியாக வைத்தாள். மாற்றத் தொடங்குவதற்கு முன், பழையது ஒழுங்காக ஓடுகிறதா என்று ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

டக், டக், டக், டக்.

டக்.

அவள் விரல் பொத்தானின் மேலேயே நின்றது. ஐந்தாவதாக ஒன்று அடித்தது. நான்குதானே சொன்னோம்? பலகையில் வரிசையாக இருக்கிற சிவப்பு விளக்குகளைப் பார்த்தாள். மூன்று எரிந்தது. ஐந்து, ஏழு, எட்டு எரிந்தன. பத்தும் எரிந்தது. பத்தை யாருமே கேட்கவில்லை.

ரிலே கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள். அணைத்து மறுபடி ஓட்டினாள். பத்து. பலகையையே மாற்றிப் பேட்டரியையும் அதில் பொருத்தி, நேரத்தையும் வைத்து ஓட்டினாள். அதிலும் பத்து. பிறகுதான் புரோகிராமைத் திறந்து அந்த வரிக்குப் போனாள். 3, 5, 7, 8. அடைப்புக்குறி. அவ்வளவுதான். பூஜ்ஜியம் இருக்க வேண்டிய இடத்தில் எட்டு உட்கார்ந்திருந்தது. எட்டைச் சேர்த்தபோது பூஜ்ஜியத்தின் மேலேயே அடித்திருக்கிறாள். மூன்று முறை பார்த்தாள்தான். மூன்று முறையும் எண்களை மட்டுமே பார்த்தாள்.

பயம் வந்தது. ஆனால் அப்போதும் அது பாதிப் பயம்தான். பூஜ்ஜியம் இல்லாவிட்டால் கண்டதையும் படிக்கும், சரி. ஏன் பத்து? இந்தப் பத்து எங்கிருந்து வருகிறது? திங்கட்கிழமை ஏன் வரவில்லை?

திரையின் மூலையில் நேரம் 10:40 என்று இருந்தது.

அதையும் பத்தாம் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பலகையின் கடிகாரத்தை ஒன்பதுக்கு மாற்றினாள். இரண்டு முறை தப்பாக அடித்துத் திருத்தினாள். ஓட்டினாள். மூன்று, ஐந்து, ஏழு, எட்டு, ஒன்பது.

நினைவகத்தில் அந்த நான்கு எண்களுக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தது மணி. ஃபங்ஷன் எட்டைத் தாண்டிப் போய், கடிகாரத்தின் மணியை எடுத்து, அதையும் ஒரு வால்வு எண் என்று நினைத்துத் திறந்துவிடுகிறது. அதற்கடுத்து நிமிடம், நாற்பதாம் எண்ணில் வால்வு கிடையாது, அதனால் அதைத் தள்ளிவிட்டது. திங்கட்கிழமை சோதனைப் பலகையில் பேட்டரி இல்லை. கடிகாரம் பூஜ்ஜியத்திலேயே நின்றிருந்தது. அவள் போட மறந்த பூஜ்ஜியத்தைச் செத்த கடிகாரம் தற்செயலாகப் போட்டுக் கொடுத்துவிட்டது. கிடங்கில் இருக்கிற கடிகாரமோ நன்றாகவே ஓடுகிறது.

அங்கே அந்த வரி ஓடப்போவது பன்னிரண்டு மணிக்கு.

சுவரில் ஒட்டியிருந்த வால்வுப் பட்டியலை அவள் பார்க்கவே வேண்டியதில்லை. அவளே தட்டச்சு செய்த பட்டியல். இருந்தாலும் எழுந்து போய் விரல் வைத்துப் படித்தாள். பன்னிரண்டு: நாலாம் அறை, அமோனியா வரும் குழாய்.

உட்கார நாற்காலி எங்கே என்று தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். கழற்றித் திறந்து வைத்த குழாய், அதற்கு முன்னால் முழங்காலிட்டிருக்கிற தம்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேர். அந்தக் கனமான கதவு சாத்தியிருக்கும். அவளுக்குக் கண்ணில் வந்து நின்றது தம்பியின் முகம்கூட இல்லை, தம்பி மனைவி கதவைத் திறந்து, "என்ன அண்ணி, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று கேட்கிற முகம்.

போனை எடுத்தாள். தம்பியின் எண் அடித்து அடித்து ஓய்ந்தது. கிடங்கு அலுவலகத்து எண் யாருடனோ பேசிக்கொண்டே இருந்தது. மூன்றாவதாகக் காவலாளியின் கைபேசி. அவர் எடுத்தார். பின்னால் ஒரு லாரி பெரிய சத்தத்தோடு பின்வாங்கிக்கொண்டிருந்தது.

"ஆபரேட்டர் உள்ள இருக்காரும்மா."

"அவன்கிட்ட உடனே போய்ச் சொல்லுங்க. பேனலைக் கைக்கு மாத்தச் சொல்லுங்க. ஆட்டோவுல இருக்கக் கூடாது. கைக்கு! கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. பேனல், கை. சொல்லிடறேன்."

"எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க!"

லாரிச் சத்தத்தில் அவர் என்ன சொன்னாரென்று புரியவில்லை. இணைப்பு அறுந்தது. திரும்ப அடித்தாள், எடுக்கவில்லை. சொல்வதற்குத்தான் போயிருப்பார் என்று மனதின் ஒரு பாதி சொன்னது. மறு பாதி அதை நம்பவில்லை.

பக்கத்து அறையில் முதலாளி முழங்கைவரை வயரை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினான்கு வருடத்தில் அவரிடம் ஒரு தப்பைக்கூடச் சொல்ல நேர்ந்ததில்லை. வாசலிலேயே நின்று சொன்னாள்.

"சார், குளிர்கிடங்கு புரோகிராம்ல நான் பூஜ்ஜியம் போடாம விட்டுட்டேன்."

அவருக்குப் புரியவில்லை.

"பன்னெண்டு மணிக்குப் பன்னெண்டாம் வால்வு தொறந்துக்கும் சார். நாலாம் ரூம். என் தம்பி உள்ள இருக்கான்."

இது புரிந்தது. வயரை அப்படியே உதறிவிட்டு எழுந்து சாவியை எடுத்தார்.

அவருடைய ஸ்கூட்டர் பழசு. நல்ல சாலையிலேயே முக்கால் மணி ஆகும். பாதி வழியில் குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. எப்போதும் வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் "மெதுவா சார், மெதுவா" என்று புலம்பிக்கொண்டே வருகிறவள் அன்று வாயே திறக்கவில்லை. அவர் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு, அவர் கைக்கடிகாரத்தையே எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு திருப்பத்தில் மணல் லாரியை உரசிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. இடையிடையே காவலாளிக்குப் போன் போட்டாள். மணி அடித்தது, அவ்வளவுதான்.

"சொல்லியிருப்பாரும்மா" என்றார் முதலாளி ஒரு தடவை, திரும்பாமலே.

"சொல்லியிருப்பாரு சார்."

இரண்டு பேருமே அதை நம்பவில்லை.

வாசலில் இறங்கியபோது பதினொன்று ஐம்பத்தொன்று. காவலாளி முற்றத்திலிருந்து வந்துகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

"சொல்லிட்டேம்மா! அப்பவே கதவைத் தட்டிச் சொல்லிட்டேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "கைக்கு மாத்திட்டானா?"

"ஆமாம்மா. பேனல்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு உங்க அக்கா சொன்னாங்கன்னேன். சரி, தொடலைன்னு சொல்லிடுங்கன்னு சொன்னாரு."

வந்த உயிர் மறுபடி போயிற்று. அவள் ஓடினாள். காவலாளி குறுக்கே வந்துவிட்டார்.

"அம்மா, செருப்போட உள்ள விடக்கூடாது, ஷூ போடணும். நோட்டுல பேரு எழுதிட்டுப் போங்க."

முதலாளி அவரைப் பார்த்து ஏதோ கத்தினார். அந்த மனுஷன் நல்லவர். சட்டமும் விடவில்லை, ஆபத்தும் புரிந்துவிட்டது. அங்கேயே கீழே உட்கார்ந்து தன் பூட்ஸை உருவிக் கொடுத்தார். அவள் கால் அதற்குள் நீச்சலடித்தது. தடதடவென்று முற்றத்தைக் கடந்து ஓடினாள். லாரி ஓட்டுநர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

பேனல் இருந்தது அறைகளுக்குப் போகும் நீண்ட நடையில். இயந்திர அறையின் இரைச்சல் சுவர் வழியாக வந்து மார்பில் அதிர்ந்தது. லேசான அமோனியா வாடை. அங்கே எப்போதும் இருக்கிற வாடைதான், ஆனால் அன்று ஏற்கெனவே கசிந்துவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. பேனலின் கடிகாரம் 11:56 காட்டியது. ஆட்டோவிலிருந்து கைக்கு மாற்றுகிற சுவிட்சுக்குச் சாவி வேண்டும். சாவி தம்பியின் இடுப்பில். தம்பி நடையின் அந்தக் கோடியில், கனமான கதவுக்குப் பின்னால். கதவைத் தட்டினால் உடனே கேட்குமா? கேட்டாலும் மூன்று பேரும் வெளியே வரும்வரை நேரம் நிற்குமா?

பேனலின் நடுவில் காளான் குடை மாதிரி ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. அவசர நிறுத்தம். அதை அழுத்தினால் எல்லாமே நிற்கும். எல்லா வால்வும் மூடும், இயந்திரங்கள் படுத்துவிடும், நான்கு அறையின் சரக்கும் சூடேற ஆரம்பிக்கும், திரும்ப எழுப்பப் பாதி நாள் ஆகும். எத்தனையோ பேனல்களில் அந்தப் பொத்தானுக்கு அவள் புரோகிராம் எழுதியிருக்கிறாள். நிஜமாக அழுத்தியதில்லை. அவளைப் போன்றவர்கள் அழுத்துவதற்காகச் செய்யப்பட்டதென்று ஒருபோதும் நினைத்ததில்லை.

இரண்டு உள்ளங்கையையும் வைத்து அழுத்தினாள்.

முதலில் பெரிய இரைச்சல் தாழ்ந்தது. பிறகு அதற்குள் ஒளிந்திருந்த சின்னச் சின்னச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கடைசியில் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. நாலாம் அறைக் கதவு திறந்தது. தடித்த கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தம்பி பாய்ந்து வந்தான்.

"எவன்டா அது அழுத்தினது?" என்று வந்தவன் அவளைப் பார்த்து நின்றான். அவள் காலில் இருந்த பூட்ஸைப் பார்த்தான். "அக்கா? நீ என்ன பண்றே இங்க? பேனலைத் தொடாதேன்னு சொல்லிட்டு நீயே வந்து..."

"அவங்களை வெளிய வரச் சொல்லு."

"என்னன்னு சொல்லுக்கா. மேனேஜர் என்னைக் கொன்னுடுவாரு."

"வெளிய வரச் சொல்லுடா!"

அவள் கத்தி அவன் கேட்டதில்லை. திரும்பிக் கை காட்டினான். இரண்டு ஃபிட்டர்களும் வந்தார்கள். ஒருவர் வயதானவர், ஒருவர் தாடிக்காரர். அவர்களைக் கண்ணால் எண்ணினாள். ஒன்று, இரண்டு, தம்பியோடு மூன்று. மறுபடி எண்ணினாள். அதன் பிறகுதான் சுவரோரம் உட்கார்ந்தாள். கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடம் ஆகியிருந்தது.

அவள் சொன்னதைத் தம்பி பாதிதான் நம்பினான். ஒரு பூஜ்ஜியத்துக்கு இவ்வளவா என்ற பார்வை. அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். முகம் கடுகடுவென்று இருந்தது. காரணமில்லாமல் கிடங்கை நிறுத்தியிருந்தால் இந்தக் கம்பெனியோடு இனி வேலையே கிடையாது என்றார். அப்போது முதலாளி, "காரணத்தைக் காட்டறோம் சார்" என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். பன்னிரண்டாம் வால்வுக்குப் போகும் வயரைக் கழற்றித் தனியே வளைத்து வைத்தார், விளக்கு எரியும் ஆனால் வால்வு அசையாது என்றபடி. மற்ற வால்வுகளின் வயர்களையும் அப்படியே கழற்றினார். பேனலுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தார். நேரம் 12:25. தம்பியைக் கூப்பிட்டு, "நீயே அழுத்துப்பா" என்றார்.

தம்பி அழுத்தினான். டக், மூன்று எரிந்தது. டக், ஐந்து. டக், ஏழு. டக், எட்டு. அவன் அக்காவைப் பார்த்துச் சிரிக்க வாயைத் திறந்தான்.

டக்.

பன்னிரண்டாம் விளக்கு எரிந்தது.

வயதான ஃபிட்டர் தலைத்தொப்பியைக் கழற்றி, அதற்குள் எதையோ தேடுகிறவர் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடிக்காரர் நாலாம் அறைக் கதவுவரை போய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். திறந்து கிடக்கிற குழாயைப் பார்த்திருப்பார். "நான் அதுக்கு நேராதான் முகத்தை வெச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

"எங்க கம்பெனி தப்பு" என்று முதலாளி மேனேஜரிடம் ஆரம்பித்தார்.

"என் தப்பு" என்றாள் அவள். "நான் எழுதினது. அழிச்சது நான், பார்த்ததும் நான்." தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். கோட்டுக்குள் அவன் நடுங்கிக்கொண்டிருந்தான். குளிரால் என்று சொல்லமுடியாது. வெளியே வந்து அரைமணி ஆகிவிட்டது.

"வீட்ல சொல்லாதேக்கா" என்றான்.

வீட்டில் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவன் ஒரு கிண்டலும் செய்யவில்லை என்பதை அம்மா கவனித்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டாள். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

கிடங்கின் வரியில் அன்று மாலையே பூஜ்ஜியத்தைச் சேர்த்து ஏற்றிவிட்டார்கள். முதலாளி அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அந்த ஃபங்ஷனை எந்தெந்தப் பேனலில் போட்டோம் என்று பட்டியல் எடுக்கச் சொன்னார். பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு பேனல். அந்த வரி நானூற்றுப் பதினாறு இடத்தில். எல்லாவற்றையும் காகிதத்தில் அச்செடுத்தாள். இந்த முறை எண்களைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வரியின் கடைசியை மட்டும், அடைப்புக்குறியிலிருந்து பின்னோக்கிப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்தையும் மெதுவாகத் திருப்பினாள். எந்தப் பக்கத்தில் யாருடைய தம்பி இருக்கிறானோ?

இன்னொன்று இருந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஒரு சலவைக்கூடத்துக்குச் செய்த பேனல். பூஜ்ஜியம் இல்லை. உடனே அங்கே போன் செய்தாள். காலையில் உலர்த்தும் அறையைத் தொடங்கும்போது வேறு எதுவும் தானாக ஓடுகிறதா என்று கேட்டாள்.

"ஆமாங்க, மணி ஒன்பதுக்குப் பெரிய ஃபேன் தானா ஓடும்" என்றார் சலவைக்கூடக்காரர். "எட்டரைக்குத் தொடங்கினா ஓடாது. எங்க ஆளுங்க சரியா வேலைக்கு வரணும்னு நீங்க வெச்சதுன்னு நெனைச்சோம். நல்லா இருக்குங்க. எடுத்துடாதீங்க."

அந்தப் பேனலில் ஒன்பதாம் எண் பெரிய ஃபேனுக்கு. போனை வைத்துவிட்டு அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு அது அழுகையாக மாறியபோது முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

புதிய ஃபங்ஷனில் அவள் அந்த மூன்று புள்ளியையே எடுத்துவிட்டாள். எண்களை முதலில் ஒரு வரிசையாகக் கட்டி வைத்து, அந்த வரிசையில் எத்தனை இருக்கிறது என்பதைக் கணினியே எண்ணிச் சேர்த்துக் கொடுக்கும்படி எழுதினாள். எண்ணிக்கை தெரிந்த பிறகு தாண்டிப் போக வழியில்லை. கூடவே, நேரத்தை ஒவ்வொரு மணியாக மாற்றி, நாளின் இருபத்துநான்கு மணிக்கும் சோதனை ஓட்டினாள்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு முன்பே, கிடங்கில் அதை ஏற்றப் போனார்கள். நாலாம் அறையில் புதுக் காயில் பொருத்தியாகிவிட்டது, குழாய்கள் மூடியாகிவிட்டன; பன்னிரண்டாம் வால்வுக்கு வயரை மாட்டியாகிவிட்டது, ஆனால் அதை மட்டும் இன்னும் திறக்கவில்லை. அது தப்பித் தவறித் திறந்தாலும் இனி ஆபத்தில்லை. திறந்தால் காயிலில் சரசரவென்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

"நான் உள்ள நிக்கறேன்" என்றாள் அவள்.

தம்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "எதுக்கு? விளக்கைப் பார்த்தா போதாதா?"

"விளக்கைப் பார்த்தா போதும். நான் உள்ள நிக்கறேன்."

"லூசா உனக்கு? லிஃப்ட்லயே போக மாட்டே நீ."

ஆனாலும் தன் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டான். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டான். உள்பக்கம் இருக்கிற கதவுத் தாழ்ப்பாளை மூன்று முறை தள்ளித் திறந்து காட்டி, "இப்படித் தள்ளினா தொறக்கும், பயப்படாதே" என்றான். அவன் குரலே சரியாக இல்லை.

கதவு சாத்திக்கொண்டது. ஒற்றை விளக்கு. பக்கத்து அறைகளின் குளிரில் அவள் விட்ட மூச்சு வெள்ளையாக முகத்துக்கு முன்னால் நின்றது. புதுக் காயில் அவள் உயரத்துக்கு, பளபளவென்று, ஒரு துளிப் பனியும் இல்லாமல் இருந்தது. சுவரின் அந்தப் பக்கம் முதல் வால்வு திறக்கும் சத்தம் தொலைவில் கேட்டது. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது. அவள் காயிலின் மேல் கையை வைத்து, மூச்சை அடக்கிக் காத்திருந்தாள். ஒன்றுமில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தாள். கதவைத் திறந்து தம்பி தலையை நீட்டியபோதும் அவள் கையை எடுக்கவில்லை. "இருடா, இன்னும் ஒரு நிமிஷம்" என்றாள்.